மாமியின் முதல் வார்த்தை

ஹலீமா கட்டிலில் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்ததோடு போன வாரம் விட்டோம். உங்களுக்கு ஒரு வாரம் போய்விட்டது. அவருக்குப் போனது ஓர் இரவுதான். அந்த இரவு முழுவதும் அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "ஆபரேஷன் வேண்டாம்" என்றதற்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஏற்காடு பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் அப்துல் மஜீதின் மனைவி ஹலீமா. வருஷக்கணக்காகக் கழுத்தில் வளர்ந்த கட்டி இப்போது மூச்சுக்குழாயை நெருக்க ஆரம்பித்திருக்கிறது. மல்லாந்து படுத்தால் மூச்சு விசில் அடிக்கிறது. நாகலூர் போகும் ரோட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சேலத்து சர்ஜன் வியாழக்கிழமை மட்டும் மலையேறி வருவார். இன்று வியாழக்கிழமை. இந்த வியாழனை விட்டால் அதற்கடுத்த வியாழன் வரைக்கும் அந்த மூச்சுக்குழாய் பொறுக்குமா என்று போன தடவை அவர் வந்தபோது மஜீது கேட்டதற்கு, சர்ஜன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இன்னொன்றும் உண்டு. அது அந்தக் குடும்பத்தில் இரண்டே பேருக்கும், உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

மருமகள் கதீஜாவுக்கு இனிப் பிள்ளை பிறக்காது. இரண்டு பெண் குழந்தைகளுக்குப் பிறகு மூன்றாவது வயிற்றிலேயே போனபோது, உதிரம் நிற்காமல் அவள் பிழைத்ததே பெரும்பாடு ஆகிவிட்டது. இன்னொரு பிரசவத்தை அவள் உடம்பு தாங்காது என்று சேலத்து டாக்டரம்மா சொன்ன அன்று, அவள் கணவன் ஜாபர் அலி காப்பி மூட்டை ஏற்றிய லாரியோடு மைசூர்ப் பக்கம் போயிருந்தான். அப்போதே கருத்தடை செய்துவிடலாமா என்று கேட்டார்கள். சரி என்று சொன்னது கதீஜாவின் வாய். கையெழுத்துப் போட்டது மாமியார் ஹலீமாவின் கை. "நேரம் பார்த்து அவன்கிட்ட நானே சொல்றேன் கண்ணு" என்றார் ஹலீமா. அந்த நேரம் இன்றுவரை வரவில்லை. ஜாபர் அலியோ மகள்களைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு, "தம்பி வருவான் பாருங்க, உங்க ரெண்டு பேரையும் மிரட்டுவான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறான்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து குடத்தைச் சேலைக்குள் மறைத்து வைத்திருக்கிறார்கள். அதனால்தான் எனக்கு இவர்களைப் பிடித்திருக்கிறது, அதனால்தான் பயமாகவும் இருக்கிறது.

காலையில் மஜீது பிளாஸ்க் நிறைய டீயோடு வந்து சேர்ந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று ஊருக்கே தெரியும்; அவருக்கும் தெரியும். ஆனால் வெறுங்கையோடு வருவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. நர்ஸ் முறைத்ததும் டீயைப் பக்கத்துக் கட்டில் வேலம்மாளுக்கு ஊற்றிக் கொடுத்தார். வேலம்மாள் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள். சரிவில் உருண்டு காலை முறித்துக்கொண்டு, மாவுக்கட்டோடு கிடக்கிறாள்.

மஜீது மனைவியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஏம் ஹலீமா, பயமா இருக்குதா? எதுக்குப் பயப்படறே? போன வியாழக்கெழமை சர்ஜன் சொன்னதைக் கேட்டியல்ல. குரலுக்குப் போற நரம்பு அந்தக் கட்டியை ஒட்டித்தான் ஓடுதாம். அதனால நீ கண்ணு முழிச்சதும் மொதல் வேலையா உன்னைப் பேச வெச்சுப் பாப்பாராம். நீ பேசற மொதப் பேச்சைக் கேக்கறதுக்கு நாங்க எல்லாரும் பக்கத்துலயே நிக்கப்போறோம்."

ஹலீமாவின் தோள் அசைந்தது.

"எல்லாரும்னா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"எல்லாருந்தான். ஜாபர் ஜீப் எடுத்துட்டு வாரான். வெள்ளக்கடையிலிருந்து எங்கண்ணன் அப்துல் காதர் வாராரு. பஜார்ல ஒரு கடை விடாம சொல்லிட்டேன். நோயாளியைப் பாக்க வர்றது புண்ணியமாச்சே, யாரு வரமாட்டேங்கறாங்க?"

பாவம், மனிதர் தைரியம் சொல்வதாகத்தான் நினைத்தார். கட்டிலின் கால்மாட்டில் போர்வையை மடித்துக்கொண்டிருந்த கதீஜா மட்டும் பார்த்தாள்: மாமியின் கை முந்தானையை இழுத்து வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. எதற்கு இந்தப் பிடி என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

சர்ஜன் வந்தார். கூடவே அமலம் சிஸ்டரும் வந்தார். முழுப்பெயர் அமலோற்பவம்; மலையில் யாருக்கும் அவ்வளவு நீளம் வாயில் நுழையாது. ஊசியும் மருந்தும் கையில் இல்லாமல் அந்த ஆஸ்பத்திரியில் நடமாடுகிற சிஸ்டர் அவர் ஒருவர்தான். டாக்டர் சொல்கிற இங்கிலீஷைத் தமிழில் சொல்வது, துணைக்கு ஆளில்லாதவர்களுக்குக் கஞ்சிக்கு ஏற்பாடு செய்வது, எஸ்டேட்டுக்குச் சேதி சொல்லி அனுப்புவது, அழுகிறவர்கள் பக்கத்தில் உட்காருவது, இதெல்லாம் அவர் வேலை. ஹலீமா தொழுவதற்குத் தோதாகக் கட்டிலை மேற்கே பார்க்கத் திருப்பிப் போடச் சொன்னதும் அவர்தான். கொஞ்சம் சிடுசிடுப்பான ஆள். எனக்குத் தெரிந்து நல்ல வேலை செய்கிறவர்கள் பாதிப் பேர் சிடுசிடுப்பாகத்தான் இருக்கிறார்கள்.

"என்ன முடிவு?" என்றார் சர்ஜன்.

"முடிவென்னங்க டாக்டர், நீங்க கூட்டிட்டுப் போங்க" என்றார் மஜீது. "எங்க கையெழுத்துப் போடணுமோ நான் போடறேன். பொம்பளை பயந்துக்கிட்டு ஏதோ சொல்றா. அதையெல்லாம் பாத்தா ஆகுங்களா?"

அமலம் சிஸ்டர் நடுவில் வந்தார்.

"கையெழுத்து நீங்களும் போடலாம் பாய். ஆனா சரின்னு சொல்ல வேண்டியது அவங்க. கழுத்து அவங்களுது."

"நான் அவ புருஷனுங்க சிஸ்டர்."

"தெரியும். அதனாலதான் உங்களை முதல்ல வெளிய போகச் சொல்றேன். எல்லாரும் கொஞ்சம் வராந்தாவில இருங்க. நான் இவங்ககிட்டத் தனியாப் பேசணும்."

மஜீது அப்படியே நின்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் மனைவி இருக்கும் அறையை விட்டு அவரை யாரும் வெளியே போகச் சொன்னதில்லை. அவரில்லாமல் அவளோடு யாரும் பேசினதும் இல்லை. ஹலீமாவுக்குத் தலைவலி என்றால்கூட டாக்டரிடம் "இவளுக்குத் தலைவலிங்க" என்று சொல்கிறவர் அவர்தான். சர்ஜன் தோளைக் குலுக்கிக்கொண்டு, "அரை மணிக்குள்ள சொல்லுங்க சிஸ்டர். மத்தியானத்துக்கு மேல பனி இறங்கினா நான் கீழ போக முடியாது" என்று போனார்.

வராந்தாவில் குளிர் முகத்தில் அடித்தது. எதிரே சரிவு முழுக்கக் காப்பிச் செடி, அதற்கு மேலே சில்வர் ஓக் மரங்கள், அதற்கும் மேலே ஒன்றும் தெரியவில்லை. மஜீது ஒரு மூலைக்குப் போய்த் தஸ்பீஹ் மணியை உருட்ட ஆரம்பித்தார். ஜாபர் அலி ஜீப்பை நிறுத்திவிட்டு ஓடி வந்தான்.

"என்ன கதீஜா, அம்மா ஒத்துக்கிட்டாங்களா?"

"இல்லீங்க. சிஸ்டர் பேசிட்டு இருக்காங்க."

"ஏன் இப்படிப் புடிவாதம் புடிக்கறாங்கன்னே தெரியல. எங்கம்மா பயந்த ஆளே கிடையாது. மழையில சுவரு இடிஞ்சு விழுந்தப்பகூடச் சிரிச்சாங்க." ஜீப் சாவியை விரலில் மாட்டி மாட்டிக் கழற்றினான். "மூச்சு நின்னுருச்சுன்னா என்ன பண்றது? நேத்து ராத்திரி தூக்கமே இல்ல. சின்னவ எந்திரிச்சு, அத்தா ஏன் அழுவறீங்கன்னு கேக்கறா."

கதீஜாவுக்கு அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நல்லவன். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் என்றைக்கோ சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று அவள் பல தடவை நினைத்திருக்கிறாள். நல்லவனை ஏமாற்றுவதுதான் பெரிய பாரம்.

அந்த நேரத்தில் வேலம்மாளை வெயிலுக்காகச் சக்கர நாற்காலியில் வைத்து வெளியே தள்ளிவந்தார்கள். வெயில்தான் இல்லை. ஜாபர் அலி அத்தாவிடம் போனதும், வேலம்மாள் கதீஜாவைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"ஏங் கண்ணு, உங்க மாமியாரு நாஞ் சொன்னதைக் கேட்டுத்தான் பயந்துட்டாங்களோ என்னமோ. மனசு கேக்கமாட்டேங்குது."

"என்ன சொன்னீங்க?"

"முந்தாநாளு சாயங்காலம் பேச்சுவாக்குல சொன்னேஞ் சாமி. எங்காலுக்கு ஆபரேசன் பண்ணி மயக்கம் தெளியறப்ப நான் என்னென்னமோ பேசிப்போட்டனாம். எஸ்டேட்ல கணக்கு எழுதற ரைட்டரைத் திட்டினேனாம். எடை போடறதுல அவன் பண்ற கோல்மாலெல்லாம் ஒண்ணு விடாமச் சொன்னேனாம். அந்த ரைட்டரு நல்ல மனுசனாட்டம் பழத்தை வாங்கிட்டுப் பாக்க வந்து, பக்கத்துலயே நின்னுட்டு இருந்தானாம். எனக்கு ஒண்ணுமே நெனவில்ல. எம் மக சொல்லிச் சொல்லிச் சிரிக்கறா. மயக்கத்துல உள்ள கெடக்கறதெல்லாம் வெளிய வந்துரும் பாய் ஊட்டம்மான்னு சொன்னேன். அவங்களும் சிரிச்சாங்க. அப்பறம் திடீர்னு சிரிப்பை நிறுத்திட்டாங்க."

கதீஜாவுக்கு இப்போது புரிந்தது. மாமி பயப்படுவது கத்திக்கு இல்லை. சாவுக்கும் இல்லை. கண் விழித்ததும் பேச வைப்பேன் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். அந்தப் பேச்சைக் கேட்கக் கணவர், மகன், பெரியவர் அப்துல் காதர், பஜாரில் பாதி எல்லாரும் கட்டிலைச் சுற்றி நிற்கப்போகிறார்கள். மயக்கத்தில் வாய் தன் பேச்சைக் கேட்காவிட்டால், எல்லார் முன்னாலும் முதலில் வந்து விழப்போவது எது என்று மாமிக்குத் தெரியும். மருமகளின் வாழ்க்கையைக் காப்பாற்றத் தன் மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளத் தயாராகிவிட்டார்.

என்னால் மாமி செத்துப்போகப் போகிறார் என்று நினைத்தாள் கதீஜா. வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே நடந்தது இது.

அமலம் சிஸ்டர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. "இப்ப இங்க யாருமில்ல. எதுக்குப் பயம்னு சொல்லுங்க. சொன்னா ஏதாவது செய்ய முடியுமான்னு பாப்போம். சொல்லாட்டி, வேண்டாம்னு நீங்க சொல்றதை நான் அப்படியே டாக்டர்கிட்டச் சொல்லிடுவேன். உங்க இஷ்டமில்லாம யாரும் தொடமாட்டாங்க" என்றார்.

ஹலீமா இந்தப் பக்கம் திரும்பினார். முகம் வீங்கியிருந்தது.

"மயக்கத்துல எல்லாரும் உளறுவாங்களாங்க?"

"சில பேரு. முக்காவாசிப் பேரு தண்ணி கேப்பாங்க, அம்மான்னு முனகுவாங்க. ரகசியமெல்லாம் சொன்னதை நான் அதிகம் பாத்ததில்ல. ஆனா வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"அப்ப வந்தாலும் வரும்."

"வந்தா என்ன? எல்லார் மனசுலயும் ஒண்ணு இருக்கத்தான் செய்யும்."

"என்னுதா இருந்தா கொட்டிட்டுப் போயிருப்பேனுங்க சிஸ்டர். அது என்னுது இல்லீங்க. இன்னொருத்தி எங்கிட்ட நம்பிக் குடுத்தது. அதனாலதான் பயம்." ஹலீமாவின் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. "எம் மகன் முன்னாடி அது வாயில வந்துருச்சுன்னா ஒரு குடும்பம் போயிரும். நான் போனாக்கூடப் பரவாயில்ல."

சிஸ்டர் என்ன விஷயம் என்று கேட்கவில்லை. கேட்காததற்காகவே அந்த அம்மாளைக் கும்பிடலாம்.

"சரி. இப்ப நான் சொல்றதைக் கேளுங்க" என்றார். "நீங்க கண்ணு முழிக்கிறப்ப பக்கத்துல யாரு இருக்கணும், யாரு இருக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லலாம். உங்க வீட்டுக்காரர் சொல்ல வேண்டியதில்ல. நீங்க யாரும் வேண்டாம்னா யாருமே வரமாட்டாங்க. டாக்டர் இருப்பாரு, நர்ஸ் இருப்பாங்க, நான் இருப்பேன். எங்க காதுல விழுந்தது கதவைத் தாண்டாது. எங்களுக்கு அது கட்டளை மாதிரி."

ஹலீமா அவரையே பார்த்தார். இப்படி ஒன்று உண்டு என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. கட்டிலில் படுத்துவிட்டால் தான் வீட்டுச் சாமானில் ஒன்று என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

"எம் மருமகளை மட்டும் வெச்சுக்கலாமுங்களா?"

"உங்களுக்கு யாரு வேணுமோ அவங்க."

கதீஜாவை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் வந்ததும் மாமியின் காலைக் கட்டிக்கொண்டு, "வேலம்மாக்கா சொன்னாங்க மாமி. எல்லாம் என்னாலதான். நீங்க எனக்காக உயிரை விட வேண்டாம்" என்று அழுதாள்.

"சும்மா இரு கண்ணு. நான் ஒத்துக்கிட்டேன். நீ மட்டும்தான் பக்கத்துல இருப்பே. அப்படியும் சொல்றேன் கேளு. கண்ணு முழிக்கறப்ப நான் வாயே திறக்கமாட்டேன். பல்லைக் கடிச்சுக்குவேன். நீ பயப்படாதே." மாமி அவள் தலையைத் தடவினார். அவள் பயம் கொஞ்சம் தணிந்தது. அந்தப் பேச்சில் இருந்த ஆபத்து அப்போது இருவருக்குமே தெரியவில்லை.

மஜீதிடம் விஷயத்தைச் சொல்வதுதான் பெரிய ஆபரேஷனாகிவிட்டது.

"நான் இருக்கக் கூடாதுன்னாளா? என்னைய?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அதற்குள் அப்துல் காதர் வந்து சேர்ந்திருந்தார். பஜாரிலிருந்தும் ஒரு கூட்டம் ஏறி வந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் மனைவி தன்னை வேண்டாம் என்றது மனிதருக்கு முகத்தில் அடித்தது போல ஆகிவிட்டது. காதெல்லாம் சிவந்துபோயிற்று. "மருமகள் போதும், புருஷன் வேண்டாமாமா?"

"உங்களை வேண்டாங்கல பாய்" என்றார் அமலம் சிஸ்டர். "கண்ணு முழிச்சதும் கூட்டத்தைப் பாத்தா படபடப்பு வந்துரும். அந்தக் கதவுக்கு வெளிய யாரையும் விடாம நிக்க ஒரு ஆள் வேணும். அதை உங்களை விட்டா யாரு செய்வாங்க?"

மஜீது யோசித்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்த் தியேட்டர் பக்கத்து அறைக்கதவின் முன்னால் நின்றார். சொந்த அண்ணன் எட்டிப்பார்க்க வந்தபோதும், "அக்கட்டால நில்லுங்கண்ணா, உத்தரவு இல்ல" என்றார். உள்ளுக்குள் வலித்திருக்கும். அவர் அதை வெளியில் காட்டவில்லை.

ஹலீமாவை உள்ளே கொண்டுபோனார்கள். அவர் கலிமா சொன்னபடியே போனார்.

காத்திருப்பதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. காத்திருந்தவர்களுக்குத் தெரியும். ஜாபர் அலி வராந்தாவில் நடந்தான். பஜார்க்காரர்கள் மெல்லிய குரலில் மிளகு விலை பேசினார்கள். கதீஜா துஆ ஓத ஆரம்பித்து, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து ஓதினாள். பனி சில்வர் ஓக்கை விட்டுக் காப்பிச் செடி வரைக்கும் இறங்கிவிட்டது.

கடைசியில் அமலம் சிஸ்டர் கதவைத் திறந்து, "கதீஜா, வா" என்றார்.

மாமி வெள்ளைத் துணிக்குள் சின்னவராகத் தெரிந்தார். கழுத்தில் பெரிய கட்டு. மார்பு ஏறி இறங்கியது. விசில் சத்தம் இல்லை. கண் பாதி திறந்திருந்தது.

சர்ஜன் குனிந்தார். "அம்மா, எல்லாம் நல்லா முடிஞ்சுது. உங்க பேர் சொல்லுங்க."

பதில் இல்லை.

"பேர் சொல்லுங்கம்மா. ஆ-ன்னு ஒரு தடவை சொன்னாப் போதும்."

மாமி அவரைப் பார்த்தார். பார்வை தெளிவாகத்தான் இருந்தது. சத்தம் வரவில்லை. சர்ஜன் மறுபடி கேட்டார், கன்னத்தைத் தட்டிக் கேட்டார். அவர் நெற்றியில் வேர்வை பூத்ததைக் கதீஜா பார்த்தாள். இவ்வளவு நேரம் யாரையும் மதிக்காத மாதிரி நடந்த மனிதர், இப்போது பயந்திருந்தார்.

"நரம்பை நான் கண்ணால பார்த்து ஒதுக்கினேன்" என்றார் சிஸ்டரிடம். "ஆனா குரல் வரலையே. ரெண்டு பக்கமும் பாதிச்சிருந்தா மூச்சும் எந்த நேரத்திலும் அடைக்கலாம். திரும்ப உள்ள கொண்டுபோய்த் தொண்டைக்குள்ள குழாய் விட்டுப் பார்க்கணும். தேவைப்பட்டாக் கழுத்துல துளை போட வேண்டி வரும். தியேட்டரை ரெடி பண்ணச் சொல்லுங்க."

கதீஜா மாமியின் வாயைப் பார்த்தாள். உதடுகள் உள்ளே மடிந்து, பல்லுக்கு நடுவே இறுகியிருந்தன. தாடை நடுங்கியது. பல்லைக் கடிச்சுக்குவேன் என்று சொன்னாரே. பாதி மயக்கத்திலும் அந்தப் பிடியை அவர் விடவில்லை.

"டாக்டர், கொஞ்சம் இருங்க. அவங்களுக்குப் பேச வருமுங்க. அவங்கதான் பேசாம இருக்காங்க."

"என்னம்மா சொல்றே?"

"இவளை இருக்கச் சொல்லிக் கேட்டதே அவங்கதான்" என்றார் அமலம் சிஸ்டர். "ஒரு நிமிஷம் குடுங்க."

சர்ஜன் நகர்ந்தார். கதீஜா மாமியின் காதோடு குனிந்தாள்.

"மாமி, நான்தான். யாருமில்ல. பேசுங்க மாமி, ஒரு வார்த்தை."

மாமியின் கண் சர்ஜன் பக்கம் போனது. பிறகு கதவுப் பக்கம் போனது. கதவுக்கு அந்தப் பக்கம் மஜீது இருமினார், ஜாபர் அலி, "அத்தா, சத்தம் ஏதாவது கேக்குதா?" என்று கேட்டது உள்ளே வரைக்கும் வந்தது. மாமி கண்ணை இறுக மூடிக்கொண்டார். உதடு இன்னும் உள்ளே போனது.

தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. நர்ஸ் வந்துவிட்டாள்.

கதீஜா கெஞ்சினாள், கன்னத்தை வருடினாள், அல்லாவின் பேரைச் சொன்னாள். அந்த வாய் திறக்கவில்லை. அதைப் பூட்டியது தன்னுடைய ரகசியம் என்றால், அது இருக்கிற வரைக்கும் திறக்காது என்று அவளுக்குப் பட்டது. அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

"மாமி, நான் அவங்ககிட்டச் சொல்லிட்டேன். இப்ப, வெளிய நிக்கறப்ப. எல்லாத்தையும் நானே சொல்லிட்டேன். இனி மறைக்க ஒண்ணுமில்ல மாமி."

மாமியின் கண் திறந்தது. மருமகளின் முகத்தை அது தேடித் தேடிப் பார்த்தது. உதடுகள் மெல்ல வெளியே வந்தன. பல் பதிந்த இடத்தில் ரத்தம் கன்றியிருந்தது.

"கோவிச்சானா?"

கரகரத்த குரல்தான். ஆனாலும் ஹலீமாவின் குரல்.

சர்ஜன் சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். "வந்துருச்சு. நல்லா வருது" என்றார். யாரு கோவிச்சான், எதுக்குக் கோவிச்சான் என்று அவர் கேட்கவில்லை. சிஸ்டரும் கேட்கவில்லை. சொன்னபடியே அது அவர்கள் காதோடு நின்றது.

"கோவிச்சானா கண்ணு?"

"தூங்குங்க மாமி" என்றாள் கதீஜா. அதற்கு மேல் ஒரு பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

அவள் வெளியே வந்ததும் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. மஜீது கதவை விட்டு அசையாமலே கேட்டார்:

"பேசினாளா?"

"பேசினாங்க மாமா. குரல் நல்லா இருக்குதுன்னு டாக்டர் சொன்னாரு."

மஜீது அங்கேயே தரையில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். யாரோ அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். பஜார்க்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து மஜீது தலையை நிமிர்த்தி, குழந்தை மாதிரி கேட்டார்:

"மொதல்ல என்ன சொன்னா? என் பேரைச் சொன்னாளா?"

எல்லாரும் கதீஜாவைப் பார்த்தார்கள். தண்ணி கேட்டாங்க என்று சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை, எல்லாம் பழையபடி மூடிக்கொள்ளும். ஆனால் நாளைக்கு மாமி தெளிந்து எழுந்து, மகன் முகத்தைப் பார்ப்பார். சொல்லிவிட்டாள் என்று நம்பிக்கொண்டு பார்ப்பார். மாமியின் வாயைத் திறக்க ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. அதை மெய்யாக்க இருக்கிற நேரம் இப்போதுதான்.

"உங்க மகனைத்தான் கேட்டாங்க மாமா."

ஜாபர் அலியின் முகம் மலர்ந்தது. "என்னையா? என்னன்னு கேட்டாங்க?"

"கோவிச்சானான்னு கேட்டாங்க."

"கோவமா? நான் எதுக்கு அம்மாகிட்டக் கோவிச்சுக்கப் போறேன்?" அவன் சிரித்தான். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மயக்கத்துல ஏதோ உளறியிருக்காங்க."

"உளறல் இல்லீங்க. உங்க அம்மா மேல கோவமான்னும் அவங்க கேக்கலீங்க." கதீஜா அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். கூட்டத்துக்கு நடுவே கணவனைத் தொட்டு அவளுக்குப் பழக்கம் கிடையாது. "வாங்க, அந்தக் கோடிக்குப் போலாம். உங்ககிட்ட மட்டும் பேசணும்."

வராந்தாவின் கோடியில் பனி கைப்பிடிச் சுவர் வரைக்கும் வந்துவிட்டிருந்தது. அதற்கு அப்பால் மலையும் இல்லை, ரோடும் இல்லை. ஜாபர் அலி அவளுக்கு எதிரே வந்து நின்றான். அம்மாவுக்குக் குரல் திரும்பிய சந்தோஷம் அவன் முகத்தில் இன்னும் அப்படியே இருந்தது.

"சொல்லு கதீஜா" என்றான்.

அவள் உதடுகள் தாமாகவே உள்ளே மடிந்து பல்லுக்கு நடுவே போனதை உணர்ந்தாள். உள்ளே கட்டிலில் கிடக்கிறவரின் நினைவு வந்தது. பிறகு வாயைத் திறந்தாள்.